ஐஸ் கட்டி ஏறிய மாடிப்படி

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எனக்கு வேலை. மிளகு வியாபாரம் இல்லை, கம்ப்யூட்டர் வேலை. அப்பா பிழைப்புக்காகத் தென்காசிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்தவர். நானோ எர்ணாகுளத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, எங்கள் தெருவிலேயே அந்த இயந்திரத்தைத் தொட்ட முதல் பெண் என்ற மிதப்பில் திரிந்துகொண்டிருந்தேன்.

யானைக்கால் நோயைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு லேடி டாக்டர்தான் என்னை வேலைக்கு வைத்தவர். அந்தப் புழு பகலில் பதுங்கிக்கொள்ளும், இருட்டிய பிறகுதான் ரத்தத்தில் உலா வரும். அதனால் டாக்டரும் நர்சுகளும் சந்து சந்தாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவர்களுக்குத் திட்டு விழாத வீடு கிடையாது. அப்படிச் சேர்த்ததைத்தான் நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். யார் ரத்தத்தில் புழு இருக்கிறது, எந்தச் சந்து, எந்த வீடு என்ற விவரமெல்லாம் அதற்குள் இருந்தது. கால் வீங்குவதற்கு முன்பே மாத்திரை கொடுத்தால் தப்பித்துக்கொள்ளலாம். வீங்கிய பிறகு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கையால் எழுதிவந்த தாள்களோ, நான் ஏற்றி முடித்த கையோடு, போன மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டன.

பிரதி எடுத்து வைக்க பிளாப்பி கேட்டிருந்தோம். பம்பாயிலிருந்து ஆடி அசைந்து ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தது. மறுநாள் பந்த். அதற்கும் மறுநாள் காலையில் மாத்திரையோடு ஆட்கள் வருகிறார்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லாவிட்டால் மாத்திரை வேறு ஊருக்குப் போய்விடும்.

பந்த் அன்று நானும் டாக்டரும் நடந்தே போய்ச் சேர்ந்தோம். போய்ப் பார்த்தால் ஏசி செத்துக் கிடக்கிறது. ரிப்பேர்க்காரர் அக்கரையில், தேவராவில் இருக்கிறார். பஸ் இல்லை, போட் இல்லை, மனிதர் பறந்தா வருவார்? கீழேயிருந்து மிளகுத் தூள் ஏறாமலிருக்க ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்ததால், அறை இட்லிப் பானை மாதிரி வெந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் கோழி கிளறினது போல எழுத்துகள் வந்து, இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில் கை வைத்தால் சுட்டது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டேன். முன்னைவிடச் சீக்கிரம் நின்றது, போதாக்குறைக்கு உள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். இன்னொரு தடவைக்கு மேல் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"மறுபடி குத்தப் போனா ஒருத்தரும் கதவு திறக்க மாட்டா, கேட்டோ" என்றார் டாக்டர், அவருடைய மலையாளத் தமிழில்.

மீன் கெடாமலிருக்க ஐஸ் போடுகிறார்களே, அறையையே ஐஸால் நிரப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஐஸ் பிளாண்ட் அடுத்த தெருவில்தான். பந்தானாலும் அங்கே கட்டி உறைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் யார் தூக்குவது? எங்கள் ஊரில் சுமையை யூனியன் ஆட்களைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, பந்த் அன்று அவர்களும் தொடமாட்டார்கள். சுமை தூக்குகிற அந்தச் சுமட்டுக்காரர்கள் கிடங்கு வாசல் நிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைவருக்கு ஒரு கால் யானைக்கால். ரத்தம் எடுக்கப் போனபோது டாக்டரை எல்லாரிலும் அதிகமாகத் திட்டியவரும் அவர்தான்.

டாக்டர் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார். "இன்னிக்கு பந்த் அல்லே டாக்டரே, சுமடு தொடக்கூடாது" என்றார் ஒருவர். தலைவர் சீட்டைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார்.

"கூலி வாங்கினாத்தான் அது சுமடு. மேலே இருக்கிறது நம்ம ரத்தமல்லே?"

பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒட்டியிருந்த மரத்தூள் போக வாசலிலேயே கழுவி, சாக்கில் சுற்றி, ஆளுயரக் கட்டிகளை அந்த ஒடுக்கமான மரப்படியில் ஏற்றினார்கள். ஒருவர் தோள் விலகினால் கீழே இருப்பவர் நசுங்கிவிடுவார். தலைவர் கடைசியில் நின்று முழுப் பாரத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டார். வீங்கிய காலை ஒவ்வொரு படியிலும் தொம்மென்று ஊன்றி, மறு காலை இழுத்து ஏறினார். முகத்தில் ஐஸ் தண்ணீரும் வியர்வையும் சேர்ந்து வழிந்தது.

பக்கத்து வீடுகளிலிருந்து, கரைகிற தண்ணீரைப் பிடிக்க அண்டா வந்தது, டேபிள் ஃபேன் வந்தது. ஐஸுக்குப் பின்னால் ஃபேனைச் சுழலவிட்டு, ஒரு சொட்டுகூடக் கம்ப்யூட்டர்மேல் தெறிக்காமல் தள்ளி வைத்தோம். மட்டாஞ்சேரிச் சித்திரையில் எனக்குப் புல்லரித்தது. அது குளிரால் மட்டும் வந்ததில்லை.

மறுபடி போட்டேன். நிற்கவில்லை. ஒவ்வொரு சந்தாக பிளாப்பியில் ஏறியது. ஐஸ் கரையக் கரைய அவர்கள் புதுக் கட்டி கொண்டுவந்தார்கள். நடுவில் படியிலேயே உட்கார்ந்து, சாமி அறை வாசல் போலச் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். கடைசிச் சந்தும் ஏறி முடிந்து, பிளாப்பியைச் சோதித்துப் பார்த்தபின் அணைத்தேன். அந்தக் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

தலைவர் ஒரு பிளாப்பியைக் கேட்டு வாங்கினார். ஐஸ் கட்டிகளைத் தூக்கிய உள்ளங்கையில் அது அப்பளம் போலக் கிடந்தது.

"எங்க தெரு முழுக்க இதிலே உண்டா மோளே? என் மகளும்?"

அந்தப் பெண்ணுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அவள் ரத்தத்தில் புழு இருந்தது எனக்குத் தெரியும். டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. "எல்லாரும் இருக்காங்க" என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் மாத்திரை வந்து, எந்த வீடும் விடுபடாமல் போய்ச் சேர்ந்தது.

சில வருஷம் கழித்து ஒருநாள் அதே மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம். அந்தப் பெண் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றாள். நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்த்தேன். இரண்டும் ஒல்லியாக, ஒன்றுபோல இருந்தன.

இன்றைக்கு விரல் நகமளவு பொருளில் ஊரையே அடக்கிவிடுகிறார்கள், என் பேரன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். ஆனால் எதைப் பிரதி எடுத்தாலும் எனக்கு அந்த வீங்கிய கால் ஒவ்வொரு படியாக ஏறுவது கேட்கிறது, அதனால் இன்னொரு தடவை சரிபார்த்த பிறகுதான் அணைக்கிறேன்.