கையில் சப்பாத்து

மகள் நாலாம் வகுப்பில் படித்தபோது, வகுப்பின் முன் பேசுவதற்கு முகிலெலிகளைத் தேர்ந்தெடுத்தாள். பிலிப்பைன்ஸ் தீவுகளின் மழைக்காடுகளில், மரங்களில் வாழும் பிராணிகள். சில, பூனையளவு பெரியவை.

"கதைக்கிறதுக்கு வேற மிருகமே கிடைக்கேல்லையோ?"

"அது இலை தின்னுறது, அம்மா. உங்கட அரிசிக்கு வராது, பயப்பிடாதேங்கோ."

வகுப்பு மிருகக்காட்சிசாலைக்குப் போகும் நாளில், அந்தக் கூட்டின் முன்னாலேயே அவள் பேசலாம் என்று ஆசிரியை சொன்னார். துணைக்கு ஒரு பெற்றோர் தேவைப்பட்டது. "நீங்கள் வாங்கோ அம்மா" என்றாள். அதற்குமுன் அவள் என்னைப் பள்ளிக்கூடப் பக்கம் கூப்பிட்டதில்லை. நான் இடியப்பம் பிழியும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஒத்திகை பார்த்தாள். அவள் பேச்சின் ஜெர்மன் வரிகள் எனக்கே பாடமாகிவிட்டன.

நாங்கள் குடியிருந்த பாடன் நகரிலிருந்து ரயிலில் போனோம். இரவு விலங்குகளின் மண்டபம் ஒரே இருட்டு. மகள் வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று தொண்டையைச் செருமினாள். நான் கூட்டின் கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். கண் இருட்டுக்குப் பழகுமுன் நீண்ட வால் ஒன்று என் முகத்துக்கு நேரே சரிந்தது.

ஊரில் எங்கள் வீட்டில் எலியைக் கண்டால் கை தானாகச் செருப்புக்குப் போகும். "சூ! சூ!" என்று கத்தியபடி சப்பாத்தைக் கழற்றிக் கண்ணாடியில் அடித்தேன்.

தாய் முகிலெலி பாய்ந்தது. அதன் வயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த குட்டி கழன்று கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். "உன் அம்மா எலியோடு சண்டை பிடிக்கிறா!" என்று ஒருவன் ஜெர்மனில் கத்தினான். குட்டியைக் கண்டதும் எல்லோரும் அடங்கிப்போனார்கள். பராமரிப்புப் பெண் ஓடிவந்து எங்களை வெளியேற்றினாள்.

வெளியே, உட்காரும் வாங்குகளுக்கு நடுவில் நின்று மகள் தன் பேச்சைப் பேசினாள். குரல் நடுங்கவில்லை. "தாய் எங்கே பாய்ந்தாலும் குட்டி பிடியை விடாது" என்ற வரி வரவேண்டிய இடத்தில் என்னை ஒருமுறை பார்த்தாள். அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாள். ஒரு வரி விடுபட்டது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தபோது பராமரிப்புப் பெண் வந்து மகளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். மகள் நேரே என்னிடம் வந்தாள்.

"தாய் வந்து குட்டியைத் தூக்கிட்டுதாம்."

நான் தலையாட்டினேன்.

"இனி அந்தச் சப்பாத்தைக் காலில போடுங்கோ அம்மா. எல்லாரும் பாக்கினம்."