கேட் ஓரத்துச் சாத்துக்குடி மரம்

சாத்துக்குடி இலையைக் கசக்கி முகர்ந்திருக்கிறீர்களா? பழத்தைவிடக் காட்டமான வாசனை... எங்கள் சேரப்பணஞ்சேரி வீட்டில் பைக்கை உள்ளே தள்ளும்போது ஹேண்டில்பார் இலையில் உரசும். அந்த வாசனை கையோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

என் மனைவி ஸ்டெல்லா எங்கள் பெண்ணைச் சுமந்திருந்தபோது சாத்துக்குடி தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. அப்போது துப்பிய விதைகளைச் சும்மா ஒரு பெயின்ட் டப்பாவில் ஊன்றி வைத்தாள். ஒரே விதையில் இரண்டு முளை வந்தது.

"இன்னாங்க இது, ரெட்டையா கீது!" என்று பயந்தே போனாள்.

நல்லவேளை, எங்களுக்குப் பிறந்தது ஒன்றுதான்.

குழந்தைக்கு ஒரு வயதானதும் செடியை கேட் ஓரம் மண்ணில் இறக்கினாள். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுவதும், காக்கா எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கிடக்கும் புழுவைப் பொறுக்குவதும் அவள்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பெண்ணை அதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பாள். நான் போட்டோ எடுப்பதோடு சரி.

எனக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. பெயின்ட் ஷாப் இன்ஸ்பெக்‌ஷன். பாடியை விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்தே மயிரிழைக் கீறலைப் பிடித்துவிடுவேன். லைனில் என் கண்ணுக்கு அவ்வளவு நல்ல பெயர். அந்தக் கண்தான் வினையானது.

ஏழாவது வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். கேட்டுக்குள் நிறுத்தினால் மரத்து முள் இடிக்கும். ஒரே வாரத்தில் இடது கதவில் மூன்று கீறல்... சோறு இறங்கவில்லை என்றால் சிரிப்பீர்கள்.

லைனில் கூட வேலை பார்த்த மூர்த்தியிடம் புலம்பினேன்.

"ஏழு வருசமா ஒரு பூ கூட வுடலியா? அப்ப அது ஆம்பள மரம்ணே. வெட்டிட்டு கார நிறுத்து."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. சாத்துக்குடியில் ஆண் மரமே கிடையாது, விதை போட்டு வளர்த்தால் பூக்க இத்தனை வருஷம் ஆகும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். வெட்டிவிட்டேன்.

திரும்பி வந்தவள் குவியலிலிருந்து உச்சிக் கிளையை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க பண்ணி வச்சிக்கிறீங்க... இதப் பாருங்க, மொட்டு வுட்டுக்கீது."

அரிசி மணி அளவில், வெள்ளை வெள்ளையாக. ஊர்க் காரில் எல்லாம் கீறல் தேடுகிறவன், சொந்த வாசலில் ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை.

"அடிக்கட்டையவாவது வுட்டுடுங்க. மறுபடி துளிர் வுடும்."

சரி என்றேன்.

ஆனால் அந்த வாரமே கார் நிறுத்தச் சிமென்ட் தளம் போட வந்த கொத்தனார், "கட்டை உள்ள இருந்தா சிமென்ட் வெடிச்சிடும் சார்" என்றார். தோண்டிப் போடச் சொல்லிவிட்டேன். மரத்தை வெட்டியது அறியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. இன்றுவரை என்னை நான் மன்னிக்காதது இதற்காகத்தான்.

இப்போது பெண் தண்டலம் பக்கம் காலேஜ் போகிறாள். காரையும் விற்றாயிற்று. கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒரே சிமென்ட்... மத்தியானத்தில் வெறுங்கால் வைக்க முடியாது.

போன வாரம் சாத்துக்குடி உரித்துச் சாப்பிட்டோம். ஸ்டெல்லா விதைகளை உள்ளங்கையில் சேர்த்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு நப்பாசை.

"மறுபடியும் போடேன் ஸ்டெல்லா" என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். குத்திக்காட்டவெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"எங்கங்க போடறது?"