கறுப்பாக இருந்த பக்கம்

எனக்கு ஆறு வயதில் நெஞ்சில் சளி கட்டிக் கடுமையான காய்ச்சல் வந்தது. அப்போது வங்காளத்தில், கார்டன் ரீச்சில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுக டாக்கில் வேலை. காய்ச்சல் போயிற்று, இருமல் போகவில்லை. மாடி ஏறினால் இளைக்கும். பந்துக்குப் பின்னால் ஓடினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். இளைப்புக்கு மருந்து குடித்தும் குறையவில்லை.

அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘தண்டா லெகேச்சே’ என்பாள் அம்மா. குளிர் பிடித்துவிட்டது என்று சொன்னால் அந்த ஊரில் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்குள் பயம் வேறு. டிபியாக இருக்குமோ என்று. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. என் தம்ளரை மட்டும் அம்மா தனியாகக் கழுவினாள்.

பாலிகஞ்சில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படம் கைக்கு வந்துவிட்டது. அவரைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரை யார் பொறுப்பது? அம்மா கதவைச் சாத்தினாள். எங்களோடு இருந்த சித்தப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவரோடு முன்பு மெஸ்ஸில் இருந்த ஒருவருக்கு டிபி. அந்த ஆளின் எக்ஸ்ரேயைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அந்தப் படிப்பு போதும்.

“வெள்ளையா இருந்தாத்தான் அண்ணி சீக்கு. எடது பக்கம் பாருங்க, கன்னங்கரேல்னு இருக்கு. சுத்தம்.”

“வலது பக்கம்?”

“கொஞ்சம் மங்கல். சளிதான். ஒத்தடம் குடுங்க.”

“நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?” என்றார் அப்பா. சொன்னாரே ஒழிய, படத்தை விட்டு அவரும் நகரவில்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி வலது மார்பில் ஒத்தடம் கொடுத்தாள். தோல் சிவந்துபோயிற்று. இடது பக்கத்தைத் தொடவே இல்லை. அது நல்ல பக்கம்.

டாக்டரின் அறை ஒரு மருந்துக்கடைக்கு உள்ளே இருந்தது. முதுகில் குழாயை வைத்து மூச்சு இழுக்கச் சொன்னார். வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கம் வைத்தார், எடுத்தார், திரும்பவும் வைத்தார். அம்மா என் சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

டிபி இல்லை என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் நிறுத்தவில்லை. படத்தில் கறுப்பாக இருப்பதுதான் கெட்ட பக்கம் என்றார். அந்தக் காய்ச்சலில் உள்ளே சின்னக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. போன காற்று வெளியே வராமல் தங்கிவிடுகிறது. அந்த நுரையீரல் இனிச் சரியாக வளராது. அபூர்வமாக யாருக்கோ வருவது. சரிசெய்ய மருந்து இல்லை. மற்றதை வைத்துப் பிழைத்துக்கொள்வான், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா என் வலது மார்பைப் பார்த்தாள். சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டாள்.

அப்பா அதிகம் பேசமாட்டார். அன்று தட்டுத்தடுமாறி வங்காளத்தில் கேட்டார். எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணை எடுத்து இவனுக்கு வைக்க முடியாதா என்று.

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

வங்காளம் எனக்கு அப்பாவைவிட நன்றாக வரும். அவர் கேட்டது புரிந்தது. எதற்காகக் கேட்கிறார் என்றுதான் புரியவில்லை. டிபி இல்லை என்றுதான் சொல்லியாயிற்றே.