அமாவாசைக் காட்டில் இருவாச்சி

"தறி நிக்கறதே அமாவாசைக்குத்தான். காடு கண்ணு தெரியாத இருட்டாக் கெடக்கறதும் அமாவாசைக்குத்தான். எவன் போட்ட கணக்குபா இது?"

காமிராப் பையைத் தூக்கும்போதெல்லாம் உமாபதி மூக்கால் இதையே புலம்புவார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவருடைய பட்டுத்தறிக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. மற்ற நெசவாளிகள் கால் நீட்டிப் படுக்கும்போது, அவர் முந்தின நாளே பஸ் ஏறிப் போய் மேற்குத் தொடர்ச்சி மலைத் தேசியப் பூங்காவில் கூடாரத்துக்குள் குளிரில் சுருண்டு கிடப்பார்.

எல்லாம் ஒரே ஒரு படத்துக்காக. பெண் இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடும். விட்டுவைத்த கீறல் வழியே ஆண் பழம் ஊட்டும். அந்தக் காட்சி வருஷா வருஷம் அவருக்குத் தப்பிக்கொண்டே போனது.

"எவனோ எவளுக்கோ ஊட்டறத எட்டிப் பாக்க இம்மாந்தூரமா? எனக்கு ஒரு வாழப்பழம் வாங்கினு வந்திருக்கீங்களா?" என்பாள் மனைவி சங்கரி.

"நீ பொந்துக்குள்ள போ, வாங்கினு வரேன்."

உமாபதிக்கு நுரையீரல் கெட்டது. மலைப்பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். கடைசியாக ஒரே தடவை என்று கிளம்பியவரைத் தனியே விட மனசில்லாமல் சங்கரியும் கூடவே போனாள்.

விடிந்தது. மறைப்புத் துணிக்குள் உமாபதி. எதிர்க்கிளையில் ஆண் இருவாச்சி, அலகில் அத்திப்பழம். காமிராவில் விரல் வைத்துவிட்டார்.

அமாவாசையன்று காக்காவுக்குப் படைக்காமல் சங்கரி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். கூடாரத்துக்குப் பின்னால் இலையில் சோற்றை வைத்து, மொட்டை மாடியில் கூப்பிடுகிற அதே குரலில், "கா... கா... கா!" என்றாள்.

காட்டுக் காக்கைகள் திமுதிமுவென்று இறங்கிப் பொந்து மரமெங்கும் உட்கார்ந்தன. ஆண் பறவை ஒதுங்கிப் பறந்தது. கீறலில் பெண்ணின் அலகு நுனி நீண்டது. காத்திருந்துவிட்டு உள்ளே போனது. மறுபடி நீண்டது.

உமாபதி காமிராவைப் போட்டுவிட்டு எழுந்தார். துண்டைச் சுழற்றிக் காக்கைகளைத் துரத்தினார். இருமல் வந்தது; மடங்கி விழுந்தார்.

வனக்காவலர் ஓடிவந்தார். "ஏனுங்க, காட்டுல சோறு வெக்கலாமுங்களா?" என்றவர், உமாபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜீப்புக்கு ஓடினார்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். சங்கரிக்குச் சோறு இறங்கவில்லை. "நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா உங்களுக்குப் படம் கெடச்சிருக்கும். நான்தான் கெடுத்தேன்," என்று அழுதாள்.

உமாபதி ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார். அவர் கடைசியாகப் பேசியது இதுதான்.

"படம் கெடக்குது வுடுமா. அவன் பழத்தோட திரும்பி வந்திருப்பான், அவளும் துன்னிருப்பா. நீ பட்டினியா என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா எப்படி? பறந்து போயி கொண்டாந்து ஊட்ட எனக்கு இன்னா ரெக்கையா இருக்குது? கீழ கேன்டீன்ல இட்லி இருக்கும், போ, துன்னுட்டு வா."