இடது பக்கத்துப் பிரேக்

போன வாரம் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர் வேலை பழக இன்னொரு பெண் சேர்ந்தாள். இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் பெண்கள்தான். விருதுநகர் டீச்சர்களும் நர்சுகளும் கார் பழகும்போது பக்கத்தில் ஒரு பெண் இருப்பதையே விரும்புகிறார்கள். வந்த அன்றே அவள் இடது பக்கத்துப் பிரேக்கின் தேய்ந்த ரப்பரைக் கழற்றிப் புதுசு மாட்டினாள். பழைய ரப்பர் வாசனைக்கு எனக்கு, என்னோடு இந்த வேலை பழகச் சேர்ந்த கருப்பசாமி அண்ணன் ஞாபகம் வந்தது.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, பார்த்திருப்பீர்கள். பழகுகிறவர் ஆட்டுக்கூட்டத்தைக் கண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நம் உயிர் அதில்தான் இருக்கிறது.

நாங்கள் சேர்ந்த காலத்தில் இந்த வேலைக்கு லோடு டிரைவர்கள்தான் வருவார்கள். நான் சிவகாசியில் காலண்டர் லோடு அடித்தவன். காலண்டர் குலுங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? பாட்டுப் பாடிக்கொண்டே போய்க் கடைசி நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பேன். அந்தக் கெட்ட பழக்கத்தால்தான் இந்த வேலைக்குத் தேறினேன், திறமை என்று நினைத்துவிடாதீர்கள்.

கருப்பசாமி அண்ணன் எம். புதுப்பட்டியில் பட்டாசு லோடு ஏற்றியவர். பட்டாசு வண்டிக்காரர்கள் சட்டென்று பிரேக் போடமாட்டார்கள். தூரத்தில் தூசி தெரிந்தாலே காலை எடுத்துவிட்டு, தடவித் தடவி நிறுத்துவார்கள்.

“இனி அங்கன போகக்கூடாதுன்னு வீட்ல சத்தியம் வாங்கிட்டாக தம்பி” என்றார் சேர்ந்த அன்று.

எங்களைச் சோதிக்க முதலாளி, பழகுகிறவர் போலக் காரைச் சுவரைப் பார்த்து விடுவார். பக்கத்தில் இருப்பவர் ஓங்கி மிதிக்க வேண்டும். அண்ணன் பதமாக மிதிப்பார். பம்பர் முட்டும்.

“எம்புட்டு சொன்னாலும் காலு கேக்கமாட்டேங்குது தம்பி.”

மூன்றாவது தடவை முட்டியதும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏலே, நீ கூடவே இருக்கே. இவனுக்கு வருமா?”

“வராது அண்ணாச்சி.”

வேலை கிடைக்காமல் அண்ணன் மறுபடி பட்டாசு லோடுக்கே போனார். அந்த சீசனிலேயே, கம்பெனி வாசலில் பெட்டி ஏற்றும்போது வண்டி வெடித்துவிட்டது.

அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது மல்லாங்கிணறு ரோட்டில் ஒரு டீச்சருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, “கண்ணாடியப் பாருங்க டீச்சர்” என்றேன். வகுப்பை முழுசாக முடித்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. முதலாளியிடம் நான் சொன்னது பொய்யில்லை. அண்ணன் இன்னும் ஒரு வாரம் பழகியிருந்தால் அந்த மிதி வந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

பட்டாசு லோடு டிரைவர்கள் யாரும் இப்போது இந்த வேலை கேட்டு வருவதில்லை. வந்தால், “வந்துரும்ணே, இன்னும் கொஞ்ச நாள் பழகுங்க” என்று சொல்லலாம். சொல்வதற்குத்தான் ஆள் வரவில்லை.