காளவாய்த்திட்டில் அடுப்பு தேடியவர்

சபாபதி சார் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு அரியலூர் பஸ் நிலையத்தில், திருச்சி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. சொன்னவர் எங்கள் பள்ளியில் மணியடித்து ஓய்வு பெற்ற ராமையா. “விடியக்காலம் போய்ச் சேந்துட்டாரு சார். உடையார்பாளையத்துல மக வூட்லதான் வச்சிருக்காங்க. நீங்க போவீங்கல்ல?” என்றார். அந்தக் கடைசிக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் நாங்கள். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திருச்சிக்குப் போகாமல் உடையார்பாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

அவரிடம் சரித்திரம் படித்த மாணவர்களான நீங்கள் எல்லோரும் இந்த நினைவு மலரில் அவரைப் புகழ்ந்து எழுதுவீர்கள். அந்தப் புகழுக்கு அவர் தகுதியானவர்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வார்டு வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவரே. நான் எழுத நினைப்பது வேறொன்று. அதை எழுதுவது முறைதானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

எழுபதுகளில், திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் நடுவில் இருக்கும் காளவாய்த்திட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை மாட்டு வண்டிகளில் கொண்டுவந்து அந்தத் திட்டில் சுட்டு, ஆற்றில் நீர் இருக்கும் மாதங்களில் படகேற்றித் துறைமுகப் பட்டணத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிமெண்டு வந்த பிறகு காளவாய்கள் அணைந்தன. கல் சுட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் போகாமல் அங்கேயே வெள்ளரியும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் விஷயம் கேட்பார். கணக்கு வாத்தியாரான நான் சங்கிலி பிடித்து அளப்பேன்.

முதல் நாள் முழங்கால் தண்ணீரில் நான் தயங்கி நின்றபோது, திட்டுக்காரி அஞ்சலை எதிரே திட்டின் ஓரத்திலிருந்து கத்தினாள்: “வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு வாங்க சார்! ஆறு உங்கள அடிச்சிக்கிட்டுப் போனா எம்புட்டுக் கணக்கு வீணாப் போவும்!” சார் நடு ஆற்றில் நின்று சிரித்தார்.

எல்லோரும் இடிந்த காளவாயைப் பார்க்கப் போவார்கள். சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சூளையத் தேடாதய்யா, அடுப்பத் தேடு. சூளை மொதலாளியோட கத. அடுப்பு இருந்தாத்தான் அங்க ஆளு இருந்துச்சுன்னு அர்த்தம்” என்றார். நான் கேட்ட அவருடைய சொற்களில் இதைவிடச் சிறந்தது கிடையாது. அஞ்சலை அவரை மேட்டுப் பகுதி முழுக்க அழைத்துப் போய், எந்தெந்த இடத்தில் யார் வீட்டு அடுப்பு என்று காட்டினாள். மண்ணைக் கீறினால் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கரி படிந்த அடுக்குகள். அவர் குழந்தையைப் போலக் குதூகலித்தார்.

ஏன் இத்தனை அடுக்கு என்று நான்தான் கேட்டேன். அஞ்சலை சொன்னாள்: “ஐப்பசி வெள்ளத்துக்கு முன்னாடி கூரையப் பிரிச்சிக்கிட்டுக் கரைக்குப் போயிருவோம் சார். போறப்ப அடுப்ப நாங்களே இடிச்சிருவோம். ஆறு வந்து அடுப்பக் கரைச்சா குடும்பத்துக்கு ஆவாது. நம்ம கையால இடிச்சா, பொங்கலுக்கு முன்ன திரும்பி வந்து அதே எடத்துல பூசிக்கிறோம்னு ஆத்துக்கிட்ட சொல்லிட்டுப் போறோம்னு அர்த்தம்.” சார் அவளை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு அந்தத் திட்டை கூரை ஓடு செய்யும் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடும் பேச்சு வந்தது. குடியிருப்பு இருந்தால் மேட்டுப் பகுதியைக் குடியிருப்பவர்களுக்கே விட்டுவிடலாம் என்று பார்வையிட வந்த அதிகாரி சொன்னார். திட்டின் வரலாறு தெரிந்தவர் என்பதால் சாரை உடன் அழைத்தார்கள். அளந்தவன் என்பதால் நானும் போனேன். ஐப்பசி மாதம். ஆறு சற்று இறங்கியிருந்த ஒரு நாள் படகில் போனோம். திட்டில் ஒரு குடிசை இல்லை. மழையில் கரைந்த மண் மட்டும்.

“சார்தான் இந்த மாசம் வாங்க, வெயில் இருக்காதுன்னாரு” என்று அதிகாரி குடையை விரித்துக்கொண்டே சொன்னார். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை.

“இங்க யாராவது குடியிருந்தாங்களா சார்?”

சபாபதி சார் மேட்டைச் சுற்றிப் பார்த்தார். “வெள்ளரி போட வந்து போவாங்க. குடியிருப்புன்னு சொல்ல முடியாதுங்க. பாருங்க, ஒரு அடுப்புகூட இல்ல.”

எனக்கு அதிகாரிகள் முன் பேச வராது. இருந்தும் சொன்னேன். “இல்லங்க, அவங்களே இடிச்சிட்டுப் போவாங்க. வெள்ளத்துக்கு முன்னாடி. பொங்கலுக்கு வந்துருவாங்க.”

சார் என் தோளில் கை வைத்தார். “நம்ம கணக்கு வாத்தியாருக்கு அந்தப் பொம்பள நல்லா கத சொல்லியிருக்கா” என்றார். அதிகாரி சிரித்தார். படகோட்டியும் சிரித்தான். அந்தக் கை என் தோளில் எவ்வளவு கனமாக இருந்தது என்பதை எழுதத் தெரியவில்லை.

தை பிறக்கும் முன்பே, அவர்கள் திரும்பி வருவதற்குள், கம்பெனி திட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டது. சாரின் மகனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர் அப்படிச் சொன்னது இதற்காகத்தானா என்று நான் அறியேன். அறிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். ஆசிரியர் அறையில் ஒருநாள் மட்டும் கேட்டேன்: “ஏன் சார்?” விடைத்தாளிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “கண்ணால பாத்தத சொன்னேன்யா. அன்னிக்கு அடுப்பு இருந்துச்சா?” அதன் பிறகு சேர்ந்து டீ குடித்தோம், பஸ்ஸில் எனக்கு அவர் இடம் பிடித்து வைத்தார். திட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் எழுத நினைத்த வரலாற்றையும் அவர் எழுதவே இல்லை.

உடையார்பாளையத்தில் நான் போய் இறங்கியபோது, பந்தலுக்கு வெளியே அஞ்சலை நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. கரைப் புறம்போக்கில்தான் இன்னும் இருக்கிறாளாம்.

“அழுவ வரல சார்” என்றாள். “பாத்துட்டுப் போவ வந்தேன். அடுப்பே இல்லன்னு வெளியூரு ஆபீசரு சொல்லியிருந்தா பரவாயில்ல. ஒவ்வொரு அடுப்பா நான்தான சார் அவருக்குக் காட்டுனேன்?”

அவளைத் தாண்டி உள்ளே நுழைந்தேன். மாலை போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். சாவு வீட்டு வழக்கப்படி அடுப்பு அணைந்து கிடந்தது. சாம்பலைக்கூட வழித்துவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் காபி வந்திருந்தது. கூடத்தில் அவர் மகளும் பேரப்பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தார்கள்.

அந்த அடுப்பின் முன் வெகுநேரம் நின்றேன். அந்த நிமிடத்தில் ஓர் அதிகாரி உள்ளே வந்து, இங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று என்னைக் கேட்டிருந்தால், நான் அடுப்பைக் காட்டியிருக்க மாட்டேன். கூடத்தைக் காட்டியிருப்பேன்.

அடுப்பைத் தேடு என்ற அவர் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். அது நல்ல சொல்தான். அஞ்சலை சொன்னதிலிருந்து நான் கற்றதையும் அதன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்: அடுப்பு இல்லாவிட்டால், அதை இடித்தவர்கள் எப்போது திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று கேட்க வேண்டும்.