பட்டை உரித்த புளியமரம்

எங்கள் புளியமரம் வரப்பின் மேல் நின்றது. பாகப்பிரிவினையில் மரம் எங்களுக்கு வந்தது, அதன் நிழல் சித்தப்பாவின் காட்டில் விழுந்தது. நிழலில் கடலைச்செடி தலையெடுக்காது என்று அவர் ஓயாமல் முனகுவார். அப்பா இறந்த பின் அம்மாவுக்கு அந்த மரம்தான் கஞ்சி ஊற்றியது. வெட்டச் சம்மதிப்பாளா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சித்திரை. காலையில் போய்ப் பார்த்தால் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிக்கப்பட்டிருந்தது. செய்தவர் யாரென்று ஊரில் ஆடுமாட்டுக்குக்கூடத் தெரியும். அம்மா வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, செம்மண்ணும் சாணியும் குழைத்து அப்பி, சாக்கால் சுற்றிக் கட்டினாள்.

மரம் வாடவில்லை. அதோடு விட்டதா? வைகாசியில் பூத்தது பாருங்கள், அப்படியொரு பூ! மாசியில் கிளைகள் வளைந்து தொங்கின. நாமகிரிப்பேட்டைச் சந்தைக்கு வண்டி இரண்டு நடை போனது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவுக்கோ சாமி குற்றம் என்ற பயம். ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, புத்தி கெட்டுப் பண்ணிப்போட்டனுங்க."

"போவுது உடுங்க கொழுந்தனாரே. மரம் பொழைச்சிருச்சு, அது போதுங்க."

ஒரு கூடை புளியையும் தூக்கிக் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னாளில் நானே பள்ளியில் தாவரப் பாடம் எடுத்தபோதுதான் அந்த விளைச்சலின் காரணம் விளங்கியது. வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுகிறது. பட்டை போனாலும் அது நிற்காது. இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். அந்த வழி அறுந்ததால் வேருக்குரிய பங்கெல்லாம் மேலேயே தங்கிக் காயானது. வேர் பட்டினி கிடந்துகொண்டே தண்ணீர் அனுப்பியது.

மறு வருஷம் துளிர் வரவில்லை. அம்மா குடம் குடமாக ஊற்றினாள். ஆடியில் ஒரு கிளையை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சையே இல்லை. நேராகச் சித்தப்பா வீட்டுக்கு நடந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று நானும் கூடவே போனேன்.

"கொழுந்தனாரே, கோடாலி எடுத்துக்கிட்டு வாங்க. மரம் செத்துப்போச்சு."

அவர் வந்தார். மரத்தடியில் நின்று குலுங்கி அழுதார். அம்மா அழவில்லை.

"மரம் பொழைச்சிருச்சுன்னுதானுங்க அன்னிக்கு உங்களை மன்னிச்சேன். இப்ப நான் என்னங்க பண்றது?"

கேட்டுவிட்டு, பதிலுக்காகவே நின்றாள்.